மணிக்கட்டிலிருந்து தரை வரை

நான் ஒரு மனிதரிடம் இரண்டு பொய் சொன்னேன். முதல் பொய் வேலை சீக்கிரம் முடியட்டும் என்பதற்காகச் சொன்னது. அதைச் சோம்பல் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். இரண்டாவது பொய்க்கு அப்படி எந்தச் சமாதானமும் இல்லை. அவர் என் எதிரே நின்று ஒரு கேள்வி கேட்டார். நான் "ஆமா" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் தன் கண்ணை நம்பவில்லை. அவர் பேரப்பிள்ளைகள் இன்றும் விருதுநகரில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அவர் பெயரை எழுதும் உரிமை எனக்கு இல்லை. அதனால் 'அவர்' என்றே எழுதுகிறேன்.

விருதுநகரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதையில் அவருடைய மரப்பட்டறை இருந்தது. சர்ச்சுக்கு வேண்டிய பெஞ்சு, மிஷன் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய ஊன்றுகோல், ஊர்க் கிறிஸ்தவர்களுக்குச் சவப்பெட்டி, மண்வெட்டிக்கும் கோடரிக்கும் பிடி என்று எல்லாம் செய்வார். மெலிந்த உடம்பு. காதில் பென்சில் இருக்காது. பென்சிலைச் சட்டைப் பையில் குத்தி வைப்பார். பட்டறைத் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். யார் என்ன கேட்டு வந்தாலும் முதலில் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும்.

"நில்லுங்க. செருப்பைப் போட்டுக்கிட்டே நில்லுங்க. இப்ப மூச்சை விட்டுருங்க."

மூச்சை எதற்கு விடவேண்டும் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அளக்க வர்றாகன்னா எல்லாரும் அரை அங்குலம் கூடிருவாக சார். மூச்சை விட்டாத்தான் சொந்த உசரத்துக்கு வருவாக."

ஆள் வந்து நிற்காமல் அவர் எதுவும் செய்யமாட்டார். ஒரு விளக்குமாற்றுக்குப் பிடி போடுவதானாலும் பெருக்குகிற ஆளைக் கூட்டி வரச் சொல்வார். இதைப் பலர் கிறுக்கு என்றார்கள். அவருடைய இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆளைப் பார்த்தவுடன், டேப்பை எடுப்பதற்கு முன்பே, அளவைச் சொல்லிவிடுவார். "தோள் பதினேழு. கை இருபத்திரெண்டே கால்." பிறகுதான் டேப்பை வைப்பார். கால் அங்குலம்கூட மாறி நான் பார்த்ததில்லை. டேப் வைப்பது எங்களுக்காக, அவருக்காக அல்ல என்று தோன்றும்.

அப்போது நான் சிவகாசிக்குப் பக்கத்தில், விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆபீஸ் மேனேஜர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. பி.ஏ. படித்தவன் என்பதால் முதலாளிக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதுவது, அதிகாரிகள் வந்தால் பேசுவது எல்லாம் நான்தான். ஆலைக்குள் இரும்புச் சுத்தியல் வரக்கூடாது. பொறி பறந்தால் எல்லாம் போயிற்று. காகிதக் குழாய்க்குள் மருந்தை இடித்து இறுக்குவதற்கு மரக் கொட்டாப்புளிதான். அந்தக் கொட்டாப்புளிகளை அவர் செய்து தந்தார். முதல் ஆர்டருக்கே, "எத்தனை வேணும்னு சொல்லாதீக. யாரு புடிக்கப் போறாகன்னு காட்டுங்க" என்று சைக்கிளில் வந்துவிட்டார். நாற்பது பெண்கள் வரிசையில் நின்று உள்ளங்கையை நீட்டினார்கள்.

"எங்க வீட்டுக்காரரு வளையல் வாங்கக்கூட என் கையை இம்புட்டு நேரம் பாத்ததில்ல," என்றாள் ஒருத்தி.

"ஏக்கா, அவுக வளையல் வாங்கித் தந்திருந்தாத்தானே பாக்கிறதுக்கு!" என்று பின்னாலிருந்தவள் சொன்னாள். வரிசையே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டே முக்கால்," என்று சொல்லிக் கையை அளந்தார். இரண்டே முக்கால்தான். இடதுகைப் பழக்கம் உள்ள ஒருத்தி கூச்சத்தில் வலதுகையை நீட்டினாள். "அந்தக் கை இல்லம்மா, வேலை செய்ற கை" என்றார். அவளிடம் யாரும் அதற்கு முன் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சவப்பெட்டிக்கும் அதே விதிதான். சாத்தூரிலிருந்து ஒரு குடும்பத்தார் வந்து, "எங்க அப்பா என் உசரந்தான் இருப்பாரு, என்னை அளந்து செஞ்சுருங்க" என்றார் மகன். அவர் மறுத்துவிட்டு, பத்து மைலுக்கு மேல் வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய்ப் படுத்திருந்தவரை அளந்துவிட்டு வந்தார். மகனைவிட அப்பா மூன்று அங்குலம் உயரம். இந்தக் கதை ஊரில் பரவியது. அதோடு ஒரு பயமும் பரவியது. பஜாரில் அவர் வந்தால் சில வியாபாரிகள் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். அவர் கண் தங்கள் மேல் விழுந்தால் அளவு எடுத்துவிடுவார், அளவு எடுத்தால் பெட்டி தயாராகிவிடும் என்று ஒரு நினைப்பு. அவருக்கும் அது தெரியும். பஜாரில் நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போவார்.

அவர் இளவயதில் பத்து வருஷம் கொடைக்கானலில் இருந்தவர் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அங்கே வெள்ளைக்காரர்கள் கோல்ஃப் ஆடுகிற மைதானத்தில், மட்டைகளைப் பழுது பார்க்கும் கொட்டகையில் வேலை. மனைவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் கீழே இறங்கிவிட்டார். அந்த அம்மாள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆள் நிற்காமல் வேலை செய்வதில்லை என்ற விதியை அவர் அந்தக் கொட்டகையிலிருந்துதான் கொண்டுவந்திருந்தார்.

"மட்டை எம்புட்டு நல்லதா இருந்தாலும் சரி சார், ஆடுறவரு அளவுக்கு இல்லேன்னா பந்து அவரு சொன்ன பக்கம் போகாது. அவரு தன் மேல தப்புன்னு நெனச்சு ஒடம்பை வளைப்பாரு. வருசக்கணக்கா வளைச்சு வளைச்சு இடுப்பு போயிரும். மணிக்கட்டுலருந்து தரைக்கு எம்புட்டுன்னு ஒரு தரம் பாத்திருந்தாப் போதும்."

இதை அவர் என்னிடம் சொன்னதற்குக் காரணம் எங்கள் முதலாளி.

முதலாளிக்கு இன்னொரு ஆலைக்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது. சீசனில் பெரிய அதிகாரிகள் கொடைக்கானலில் இருப்பார்கள். காலையில் கோல்ஃப் ஆடுவார்கள். ஆபீஸில் ஐந்து நிமிஷம் கிடைக்காத ஆளோடு மைதானத்தில் அரை நாள் நடக்கலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். மதுரையில் ஒரு மில்லை விட்டுச் சீமைக்குப் போகிற வெள்ளைக்காரரிடமிருந்து தோல் பையோடு ஒரு செட் மட்டைகளை வாங்கிவந்தார். மொத்தம் பதினான்கு.

"ஒத்தைப் பந்தை அடிக்கப் பதினாலு மட்டையாய்யா? பந்து என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சிரித்தார்.

அந்த வெள்ளைக்காரர் ஆறடிக்கு மேல். எங்கள் முதலாளி என் உயரம். மட்டையைப் பிடித்தால் பிடி அவர் வயிற்றுக்கு மேலே வந்தது. நான் விருதுநகர்க்காரரைச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, வெட்டிக் குறைத்து, பிடித் தோலை மறுபடி சுற்றி, இரும்பு மட்டைகளின் தலையைக் கொஞ்சம் வளைத்துச் சரிபண்ணிவிடலாம், முதலாளி ஒருமுறை வந்து கோட்டில் நின்றால் போதும் என்றார்.

முதலாளியிடம் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"யாரு, பெட்டி செய்றானே அவனா? நான் இருக்கன்குடி ஆத்தாவுக்கு நேந்துக்கிட்டுத் தொழில் பண்றவன். தெனமும் மருந்துக்கு நடுவுல நடக்கிறேன். அவன் டேப்பு என் மேல படணுமா? நல்லாச் சொன்னீரு போங்க. அவன் வரவும் வேணாம், நான் போகவும் வேணாம். நீரே எப்படியாச்சும் முடிச்சிரும்."

அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். பட்டாசுத் தொழிலில் அப்படி ஒரு பயம் இல்லாதவர் யாரும் இல்லை. ஆனால் அவரை அளக்க வேறு வழிகள் இருந்தன. அவருக்குச் சட்டை தைப்பவரிடம் ஒரு டேப்பைக் கொடுத்து, அடுத்த தடவை தரைவரை ஒரு அளவு எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. முதலாளியும் நானும் ஒரே உயரம் என்பது மட்டும் என் கண்ணில் பட்டது. ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு, டேப்பின் ஒரு நுனியைச் செருப்புக்கடியில் மிதித்து, மறுநுனியை என் மணிக்கட்டுவரை இழுத்தேன். முப்பத்தைந்தரை. விரல் நீளமும் என்னுடையதே. ஒரு தாளில் அழகாக எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

"முதலாளி வரலையா?"

"நேரமில்ல அண்ணாச்சி. நானே அளந்து எழுதிட்டு வந்துட்டேன்."

அவர் தாளை வாங்கவில்லை. "ஆள் நிக்காம நான் செஞ்சதில்லையே சார்."

"நான் நிக்க வச்சு அளந்ததுதானே?"

"செருப்போடயா?"

"செருப்போட."

"மூச்சை விடச் சொன்னீகளா?"

"சொன்னேன்."

அவர் தரையிலிருந்த சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு தாளை வாங்கிச் சுவரில் குத்தினார். "நீங்க படிச்சவுக. எழுத்துல பிழை விடாதவுக அளவுல விடமாட்டீக," என்றார். இது முதல் பொய்.

மூன்று வாரம் வேலை பார்த்தார். மட்டைகளைக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேட்டார். மட்டையின் அடியில் சுண்ணாம்பு தடவி, ஒரு பலகையின் மேல் முதலாளி ஒரு தரம் வீசிக் காட்டவேண்டும். சுண்ணாம்பு எந்த இடத்தில் அழிகிறது என்று தான் பார்த்தால் மீதியைச் சரிசெய்துவிடலாம் என்றார். மறுநாள் விடியற்காலையில் முதலாளி மலைக்குக் கிளம்புகிறார் என்றேன். அது உண்மைதான்.

கொடைக்கானலுக்கு நானும் போனேன். பசும்புல்லில் ஐந்தாறு பெரிய மனிதர்கள் நின்றார்கள். முதலாளி பந்துக்கு முன் நின்று மட்டையைக் கீழே வைத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கைகள் நீளம். தொங்கவிட்டால் மணிக்கட்டு என்னுடையதைவிடத் தாழ்ந்து நிற்கும்; விரல் முழங்காலைத் தொட இன்னும் கொஞ்சந்தான் இருக்கும். பல வருஷம் அவரோடு இருந்தும் அதை நான் கவனித்ததில்லை. மட்டைத் தலையின் முனை ஆகாயத்தைப் பார்த்தது. தண்டோடு சேரும் குதிப்பக்கம் தரையில் குத்தியது. வீசினார். பந்து அப்படியே இருந்தது. ஒரு பாத்தி அளவுக்குப் புல் பெயர்ந்து பறந்தது. மறுபடி வீசினார். மறுபடி மண்.

"என்ன முதலாளி, உருளைக்கிழங்கு போடப் போறீங்களா?" என்று ஒரு அதிகாரி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அவர் காது சிவந்திருந்தது.

மைதானத்து ஆள் ஒருவர் மட்டையை வாங்கிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கு சார். ஆனா இது உங்களுக்குச் செஞ்சது இல்ல. வேற யாருக்கோ செஞ்சது."

"எனக்குத்தான் செஞ்சான்," என்றார் முதலாளி. நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் மதியம் முதலாளி அவரை ஆலைக்கு வரச்சொன்னார். சாப்பாட்டு நேரம். பெண்கள் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். முதலாளி தோல் பையை அவர் காலடியில் போட்டார்.

"செத்தவனுக்கே அளவெடுத்துப் பழகின கை. உசுரோட இருக்கிறவன் அளவு ஒனக்கு எங்கனய்யா தெரியப்போகுது? என்னை மலையில எல்லாருக்கும் முன்னாடி மண்ணு வெட்டவச்சுட்ட."

பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.  அவர் தலை குனியவில்லை. முதலாளியின் தொங்கிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி உள்ளே போனபிறகு என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் கண்ணுக்கு முப்பத்திமூணுதான் தெரியுது சார்."

நான் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தேன்.

"நீங்க அவரை நிக்க வச்சுத்தானே அளந்தீக?"

ஜன்னலுக்குள் முதலாளி நின்றிருந்தார். அந்த மாதம்தான் எனக்கு ஆலையை ஒட்டி வீடு தருவதாகச் சொல்லியிருந்தார். பின்னாளில் நான் தேடிக் கண்டுபிடித்த காரணம் இது. அந்த நிமிஷத்தில் காரணமே இல்லை, வெறும் பயம்.

"ஆமா," என்றேன். "சரியாத்தான் அளந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப என் கண்ணுதான் போயிருச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் பையைத் தூக்கி ஆபீஸ் வாசலில் ஓரமாகச் சாத்திவைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். முதலாளி அந்த மட்டைகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். பட்டறைச் சுவரில் குத்தியிருந்த என் தாளைப் பட்டறைக்காரரே அடுப்பில் போட்டுவிட்டதாகப் பின்னால் தெரிந்தது.

கொட்டாப்புளி ஆர்டர் நின்றது. வேறு ஊரிலிருந்து கொட்டாப்புளிகள் லோடாக வந்து இறங்கின, எல்லாம் ஒரே அளவு. பெண்கள் பிடியில் துணி சுற்றிக்கொண்டு இடித்தார்கள். சிலருக்கு மணிக்கட்டு வீங்கியது. "மேனேசர் சார், ஒங்க பேனாவும் இப்படித்தான் ஊருக்கெல்லாம் ஒரே சைஸா வருதா?" என்று இடதுகைக்காரி ஒருநாள் கேட்டாள். நான் அவசர வேலை இருப்பதுபோல் நடந்தேன்.

அவர் உடனே தொழிலை விடவில்லை. அளப்பதற்கு முன் எண்ணைச் சொல்லும் வழக்கம் முதலில் நின்றது என்றார்கள். பிறகு ஒரே ஆளை மூன்று தரம், நான்கு தரம் அளந்தார். ஒவ்வொரு தரமும் தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். கோட்டில் நின்றவர்கள் அலுத்துப்போய் வேறு பட்டறைக்குப் போனார்கள். ஒரு துக்க வீட்டில், பெட்டி சேருமோ சேராதோ என்று கூட்டத்துக்கு நடுவே இரண்டு தரம் பெட்டியைத் திறக்கச் சொன்னாராம். அதற்குப்பின் பட்டறையை மூடினார். தீப்பெட்டிக் கம்பெனிக்கு மரச்சட்டம் அறுக்கும் வேலைக்குப் போனார். அங்கே இரும்பில் ஒரு அச்சு கொடுத்துவிடுவார்கள். அதன்மேல் வைத்து அறுத்தால் போதும். யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை.

ஏழு வருஷம் கழித்து, நான் அந்த வேலையை விட்டு ஒரு அச்சகத்துக்குப் போனபிறகுதான் எனக்கு வாய் திறந்தது. முதலில் பழைய முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆத்திரப்படவில்லை.

"சரி, அதுக்கு இப்ப என்ன பண்ணணுங்கிறீரு?"

"நீங்க ஒரு தரம் அவரைப் பாத்து, அளவே எடுக்கலைன்னு சொன்னாப் போதும்."

"ஏன் எடுக்கவிடலைன்னு கேப்பானே? பெட்டிக்காரனைப் பாத்துப் பயந்தேன்னு என் வாயால சொல்லச் சொல்றீரா? போய் வேலையைப் பாருமய்யா."

அதனால் நான் மட்டும் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்த நேரம். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி நர்ஸம்மா காபி கொண்டுவந்தார். நான் காபியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: சாத்திய கதவு, செருப்புக்கடியில் மிதித்த டேப், என் மணிக்கட்டு, "ஆமா" என்ற சொல்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு லேசாகச் சிரித்தார்.

"எதுக்கு சார் இம்புட்டு சிரமம்? நான் பட்டறையை மூடிட்டேன்னு யாரோ சொல்லியிருப்பாக. என் மனசு ஆறட்டும்னு வந்து சொல்றீக. நல்ல மனசு."

"சத்தியமா நடந்தது அண்ணாச்சி. அந்த அளவு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"முப்பத்தஞ்சரை. நடுவிரல் மூணே கால்."

"இப்ப என்னை அளங்க. அதேதான் வரும்."

நான் எழுந்துபோய், வாசலில் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். மூச்சையும் விட்டேன். அவர் நாற்காலியிலிருந்து அசையவில்லை.

"டேப்பைப் படிக்கிறதும் இதே கண்ணுதானே சார்," என்றார்.

நர்ஸம்மாதான் உள்ளே போய்த் தன் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துவந்தார். தரையில் உட்கார்ந்து, என் செருப்பருகே ஒரு நுனியை அழுத்தி, மணிக்கட்டுவரை இழுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "முப்பத்தஞ்சரை," என்றார்.  விரலையும் அளந்தார். "மூணே கால். கேட்டீகளா? மூணே கால்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீ எத்தனை வருசமா நர்ஸு," என்றார். "படுத்திருக்கவுககிட்ட என்ன சொல்லணும்னு ஒனக்குத் தெரியாதா?"

அந்த அம்மாள் டேப்பைச் சுற்றத் தொடங்கினார்.  நான் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினேன். நர்ஸம்மா வாசல்வரை என்னோடு வந்தார்.

"நீங்க சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும் சார்," என்றார். "ஆனா இனிமே இங்க வராதீக. இத்தனை வருசத்துல அவுக தன்னைத்தான் நம்பாம இருந்தாக. நான் சொன்னா மட்டும் நம்புவாக. இன்னைக்கு அதுவும் போச்சு."

நான் அதற்குப்பின் அந்தப் பாதையில் போகவில்லை.